கிப்பர் குளிர்கால நாட்குறிப்பு: பனிச்சிறுத்தையைப் படமெடுக்க

முதல் நாள்: சிம்லா – ராம்பூர் – கல்பா

கிப்பர், இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கிலுள்ள மலையூர். பிப்ரவரியில் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போக சிம்லா வழி ஒன்றுதான் உண்டு. மணாலி வழியில் நடுவே குன்சும் கணவாய் நிற்கிறது. உயரம் 4,500 மீட்டருக்கு மேல். பனி மூடிவிட்டால் மே, ஜூன் வரை திறக்காது. சிம்லா பக்கம் நார்க்கண்டா, ராம்பூர், ரெக்காங் பியோ, தாபோ, காசா என்று ஏறத்தாழ 420 கிலோமீட்டர். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வருகிறவர்களுக்குச் சண்டிகர் வரை விமானம், அதன்பிறகு முழுக்கச் சாலைதான்.

நீளமான வழிதான், ஆனால் கடல்மட்டத்து உடம்புக்கு இதைவிட நல்லது கிடையாது. கல்பா 2,960 மீட்டர், தாபோ 3,280, காசா 3,650, கிப்பர் சுமார் 4,270. ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறோம். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. காசாவிலிருந்து கிப்பருக்கு ஏறும் சுமார் 620 மீட்டர் மட்டும் இதைத் தாண்டுகிறது. வழியில் நாக்கோ அழகான ஊர்தான், ஏரியும் உண்டு. ஆனால் அது 3,660 மீட்டர். இரண்டாம் இரவுக்கு நாக்கோவை விட்டுவிட்டு, கீழே இறங்கித் தாபோவில் தூங்குவது புத்திசாலித்தனம்.

அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். தடுப்புக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரை விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் ஒரு மதமதப்பைத் தரும். குளிரில் விரல் விறைப்பதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் விரல் வெளுத்து, தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் அது மாத்திரையின் வேலை அல்ல. உடனே கையை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: கல்பா – தாபோ

காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அதற்குமேல் மரம் குறைந்து, மண்ணும் பாறையுமாக மலை மாறுகிறது. நாக்கோவை ஒட்டிய மல்லிங் பகுதியில் கல் சரிவு அடிக்கடி நடக்கும். இரவெல்லாம் பனிக்கட்டி இறுக்கிப் பிடித்திருந்த கற்கள் வெயில் ஏறியதும் கழன்று விழுகின்றன. அதனால் அந்த இடத்தைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். பனி கொட்டினால் சாலை ஒரு நாள், இரண்டு நாள் அடைபடுவது சாதாரணம். திரும்பும் விமானத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு நாள் சும்மா வைத்திருப்பது கட்டாயம்.

வண்டிக்கு நான்கு சக்கர இழுவையும் சக்கரச் சங்கிலியும் வேண்டும். கடுங்குளிரில் டீசல் கெட்டியாகி வடிகட்டியை அடைத்துவிடும். இங்கே குளிர்காலத்தில் ஓட்டிப் பழகிய உள்ளூர் ஓட்டுநரை அமர்த்திக்கொண்டால் இந்தத் தொல்லைகளில் பாதி நம் வரைக்கும் வராது.

இந்தியர்களுக்கு இந்த வழியில் அனுமதிச் சீட்டு தேவையில்லை, அடையாள அட்டை போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் உள்ளெல்லை அனுமதி (இன்னர் லைன் பர்மிட்) வாங்க வேண்டும்.

மூன்றாம் நாள்: காசா

தாபோவிலிருந்து 47 கிலோமீட்டர்தான். சீக்கிரம் வந்துவிட்டு மீதி நாளை ஓய்வுக்கு விட வேண்டும். பணம் எடுப்பது, வண்டிக்கு எண்ணெய் போடுவது, மருந்து வாங்குவது எல்லாம் இங்கேயே. கிப்பரில் எதையும் நம்பக்கூடாது.

ஏன் இந்தக் கொடுங்குளிரில் வர வேண்டும்? கோடையில் பனிச்சிறுத்தை மேலே பரந்து கிடக்கும் மலைகளில் எங்கோ இருக்கும். குளிர்காலத்தில் பனி மேய்ச்சலை மூடிவிடுவதால் பரல் என்கிற நீல ஆடுகளும் ஐபெக்ஸ் காட்டாடுகளும் கீழே இறங்குகின்றன. அவற்றின் பின்னாலேயே பனிச்சிறுத்தையும் வருகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை அதன் இணைசேரும் காலம் வேறு. ஆணும் பெண்ணும் மலைமுகட்டில் நடந்து, பாறைகளில் சிறுநீர் பீய்ச்சி, நீளமாகக் கத்தும். சிங்கம், புலிபோல் உறுமி முழங்க இதனால் முடியாது. அந்தக் கத்தல் ஒரு வகை அலறல், பள்ளத்தாக்கில் ரொம்ப தூரம் கேட்கும்.

இன்று மாலை செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், கருவிகளைச் சரிபார்ப்பது. ட்ரைபாட் கால்களின் திருகு இணைப்புகளில் ஈரம் துளியும் இருக்கக்கூடாது. இருந்தால் நாளை உறைந்து இறுகிவிடும். உலோகக் கால் என்றால் கையில் பிடிக்கும் இடத்தில் ஸ்பாஞ்ச் சுற்ற வேண்டும். ட்ரைபாட் உச்சியில் கேமராவைத் தாங்கும் ஹெட்டுகளில், வீடியோவுக்கான திரவ ஹெட் மைனஸ் 20 டிகிரியில் மெழுகுபோல் இறுகும். பெரிய லென்ஸைத் தொட்டில்போல் தாங்கும் ஜிம்பல் ஹெட் அவ்வளவு படுத்தாது.

நான்காம் நாள்: கிப்பர், முதல் மாலை

காசாவிலிருந்து 20 கிலோமீட்டருக்குள். கீ மடாலயத்தைத் தாண்டி ஏறினால், வெள்ளைச் சுவரும் கறுப்பு ஜன்னல் சட்டமுமாகத் தட்டை மாடி வீடுகள். கிப்பர் வனவிலங்குச் சரணாலயம் இந்த ஊரின் பெயரில்தான் இருக்கிறது. 1992இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 2,220 சதுர கிலோமீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். படியேறினாலே மூச்சு வாங்கும். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது, அன்றே இறங்கிவிட வேண்டும்.

வீட்டு விருந்தினராகத் தங்குவதுதான் இங்கே வழக்கம். நடு அறையில் புகாரி அடுப்பு எரியும், அந்த அறை மட்டும்தான் சூடு. குழாய்த் தண்ணீர் உறைந்துபோவதால் கழிப்பறை உலர் வகை. மண் அள்ளிப் போடுகிற முறை. துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பும் பார்லி மாவும் உப்பு வெண்ணெய்த் தேநீரும் உண்டு. பசி மந்தமாக இருந்தாலும் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு சூடு பிடிக்காது.

சூடான அறைக்குள் கேமராவைக் கொண்டுபோகவே கூடாது. மைனஸ் 15 டிகிரியில் கிடந்த லென்ஸ் புகாரி அறைக்குள் நுழைந்த நொடியில், துக்பாவின் ஆவியும் ஆட்களின் மூச்சும் அதன்மேல் தண்ணீராகப் படியும். வெளியே மட்டுமல்ல, உள்ளே கண்ணாடிகளுக்கு நடுவிலும் படியும். மறுநாள் காலை அதே தண்ணீர் பனிக்கட்டி. கேமராவையும் லென்ஸையும் பையை மூடி, அடுப்பு இல்லாத குளிர் அறையில் விட்டுவிட வேண்டும். உள்ளே வருவது பேட்டரியும் மெமரி கார்டும் மட்டும். எப்படியும் உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால், வெளியிலேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடி, இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் வைக்க வேண்டும். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படிந்துவிடும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. சூடான லென்ஸை வெளியே கொண்டுவந்ததும் அதன் குழாய்க்குள்ளும் முன்புற மறைப்பான ஹூடுக்குள்ளும் சூடான காற்று அலையும், முதல் அரைமணி நேரப் படங்களில் கூர்மையே இராது. குளிர் அறையில் தூங்கிய லென்ஸ் அதிகாலையிலேயே தயார்.

லித்தியம் பேட்டரிகள் குளிரில் சட்டென்று தீர்ந்துபோனதாகக் காட்டும், சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் பாதி திரும்பக் கிடைக்கும். நான்கு பேட்டரியாவது வேண்டும். ஒன்று கேமராவில், மற்றவை மார்போடு ஒட்டிய பையில். பூஜ்யத்துக்குக் கீழான குளிரில் இருக்கும் பேட்டரியை சார்ஜரில் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். உடம்புச் சூட்டில் அரைமணி நேரம் வைத்தபிறகே சார்ஜ் செய்ய வேண்டும். மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும், ஆகவே வந்த நேரத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டும்.

ஐந்தாம் நாள்: தேடல்

விலங்கைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்லும் ஸ்பாட்டர்கள் விடியுமுன்பே கிளம்பிவிடுகிறார்கள். ஊர் இளைஞர்கள். ஆளுக்கொரு முகட்டில் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்கிற சிறு தொலைநோக்கியோடு நின்று, வாக்கி டாக்கியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். 20–60 மடங்கு ஸ்கோப்பில் எதிர்ப்பக்கப் பாறையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். முதலில் வானத்தை ஒட்டிய முகட்டுக் கோடு, அடுத்து பாறை விளிம்புகள், கடைசியில் நிழல். சாம்பல் நிறமும் கறுப்பு வளையப் புள்ளிகளும் பாறையோடு அப்படியே கலந்துவிடும். பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது வால்தான். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம்.

விலங்கைத் தேடுவதைவிட அதைப் பார்த்தவர்களைத் தேடுவது பலன் தரும். பரல் கூட்டம் மேய்வதை நிறுத்திவிட்டு எல்லாத் தலைகளும் ஒரே திசையில் பார்த்து நின்றால், அந்தத் திசையில் ஒன்று இருக்கிறது. சீழ்க்கை போன்ற எச்சரிக்கைக் குரல் வந்தால் சந்தேகமே இல்லை. மலைக்காக்கைகள் ஒரு பாறைக்கடியில் இறங்கி ஏறினாலோ, இமயப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) வட்டமிட்டும் தரையிறங்கத் தயங்கினாலோ, அடித்த இரை கிடக்கிறது, அடித்தது இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. தொங்கும் பாறைகளின் அடியில் மண்ணைப் பின்னங்காலால் கீறிய தடம், புது எச்சம், பனியில் வால் இழுபட்ட கோடு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

இன்று கண்ணில் பட்டவை: பரல் கூட்டம், ஒரு செந்நரி, தாடிப் பாறு, சுக்கார் கவுதாரிகள். நரியை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பனியில் வெளிச்ச அளவைப் பழக அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கேமராவின் வெளிச்ச அளவி பனி வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும். படச்சட்டம் முழுக்கப் பனி என்றால் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வரை கூட்டி எடுத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டாமல் பார்க்க வேண்டும். பழுப்புப் பாறை என்றால் கூட்டவே வேண்டாம். பனியிலிருந்து பாறைக்கு விலங்கு நகரும்போது தானியங்கி அளவு தடுமாறும். ஆகவே மேனுவலில் பனிக்கு ஒருமுறை அளந்து பூட்டிவிடுவது நல்லது. வெளிச்சம் மாறாதவரை பாறையிலும் அது சரியாகவே இருக்கும்.

கைகளுக்கு இரண்டு அடுக்கு. உள்ளே மெல்லிய கையுறை, வெளியே தடித்த மிட்டன். ஷட்டரை அழுத்தும்போது மிட்டனை மட்டும் கழற்றினால் போதும். காலுக்கு ஒரு எண் பெரிய பூட்ஸ், இறுக்கமானதில் ரத்தம் ஓடாது. உறைந்த சரிவில் நடக்க, பூட்ஸின் அடியில் மாட்டும் முள் வலையான மைக்ரோஸ்பைக். பனிக் கண்ணெரிச்சல் வராமலிருக்கப் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி.

ஆறாம் நாள்: எதிர்க்கரை

காலை ஏழரை மணிக்கு வாக்கி டாக்கியில் தகவல். கிப்பருக்கும் சிச்சத்துக்கும் நடுவே உள்ள பெரும்பள்ளத்தின் எதிர்ச் சுவரில், ஒரு பாறை விளிம்புக்குக் கீழே பனிச்சிறுத்தை, பக்கத்தில் செத்த பரல். 2017இல் பாலம் திறக்கும் வரை சிச்சம் மக்கள் கம்பியில் தொங்கும் கூடையில் கடந்த பள்ளம் இது. படமெடுக்கிறவர்களுக்கு இந்தப் பள்ளம் பெரிய வரம். நம்மால் குறுக்கே வர முடியாது என்று அந்த விலங்குக்குத் தெரியும் போலும். எதிர் விளிம்பில் ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டும் நிதானமாகத் தின்றது, நாக்கால் காலை நக்கியது, படுத்தது.

தூரம் சுமார் 300 மீட்டர். இந்தத் தூரத்தில் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் 300 மீட்டரில் 18 மீட்டர் அகலத்தைக் காட்டும். தலை முதல் வாலடி வரை 1.1 மீட்டர் விலங்கு அதில் பதினாறில் ஒரு பங்கு. 6,000 பிக்சல் அகலச் சென்சாரில் சுமார் 370 பிக்சல். லென்ஸின் நீட்டத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டால் 510, விலையாக ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகும். அதே 6,000 பிக்சலுள்ள சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில், கன்வெர்ட்டர் இல்லாமலே 560. ஆக, முகம் நிறைந்த படம் கிடைக்காது. ஆனால் மலைச்சுவர், பனிக்கோடு, இரை, அதன் நடுவே இந்த உருவம் என்று எடுத்தால், கூண்டில் எடுத்த படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் தெரியும். 200 மி.மீ.யில் எடுத்த படங்களே இன்றைக்கு மிகச் சிறந்தவை என்று அடித்துச் சொல்லலாம்.

அருகில் போனால் நல்ல படம் கிடைக்கும் என்ற எண்ணம் இங்கே நேர்மாறாகத்தான் முடியும். இரையை அடித்துவைத்திருக்கும் பனிச்சிறுத்தை தொல்லையில்லாமல் விட்டால் மூன்று நாள், ஐந்து நாள்கூட அங்கேயே இருக்கும். ஒருவர் சரிவில் இறங்கினால் எழுந்து போய்விடும், பகலில் திரும்பாது. பாறுகள் அன்று மாலைக்குள் எலும்பாக்கிவிடும். பெரிய இரை ஒன்று எட்டு, பத்து நாளைக்கு ஒருமுறைதான் அதற்குக் கிடைக்கிறது. அதை இழந்தால் அடுத்து அது தேடி வருவது ஊர்க்காரர்களின் மாட்டுத் தொழுவமாக இருக்கலாம். படமெடுக்க வந்தவரின் இருபது மீட்டர் ஆசைக்கு அந்த வீட்டுக்காரர் விலை கொடுக்க வேண்டுமா? ஆட்டைக் கட்டிவைத்துக் காத்திருப்பது, ட்ரோன் பறக்கவிடுவது, இரவில் டார்ச் அடிப்பது எதற்கும் இங்கே இடமில்லை.

மணி பத்தைத் தாண்டியதும் வேறு பிரச்சினை. வெயில் பட்ட தெற்குப் பார்த்த பாறைகள் சூடாகி, பள்ளத்திலிருந்து காற்று அலையலையாக எழும். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் பாறை விளிம்பு நடுங்கும். லென்ஸ் எவ்வளவு விலை என்றாலும் அப்போது கூர்மை வராது. குறையை ஃபோகஸின்மேல் போட்டு அதை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பலர் செய்வது. செய்ய வேண்டியது: ஹூடைக் கழற்றுவது, இருபது முப்பது படத் தொடராக எடுத்து அலை அடங்கிய நொடியில் விழுந்த ஒன்றிரண்டைப் பொறுக்குவது, அல்லது மாலை மூன்றரை வரை டீ குடித்துக்கொண்டு காத்திருப்பது. மூன்றாவதுதான் சிறந்தது.

படுத்திருக்கும்போது ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். நடக்கத் தொடங்கினால் 1/1000, பாய்ந்தால் 1/2500. லென்ஸ் துளை எஃப் 5.6 முதல் 8 வரை, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200 வரை தயங்க வேண்டாம். விலங்குக் கண்ணைத் தானாகப் பிடிக்கும் ஃபோகஸ் இந்தப் புள்ளிகளுக்கும் பாறைப் புள்ளிகளுக்கும் நடுவே அலைந்து தொலையும். சிறிய ஒற்றைப் புள்ளியைத் தலையில் வைத்து, லென்ஸின் தூர வரம்பு சுவிட்சைத் தொலைவுக்கு மட்டும் மாற்றினால் பிடித்துக்கொள்ளும். பிற்பகலில் காற்று வலுக்கிறது. ட்ரைபாட்டைப் பனிமேல் வைக்காமல் அடியிலுள்ள பாறைவரை இறக்கி, நடுக் கம்பத்தை உயர்த்தாமல், பையைக் கீழே தொங்கவிட வேண்டும். மூச்சு வியூஃபைண்டரில் பட்டால் உடனே உறையும். மூக்கை மூடிய துணி வழியே மேலே போகிற மூச்சுதான் அதிகம் கெடுக்கிறது.

ஏழாம் நாள்: அதே இடம்

அதே விலங்கு, அதே இரை. மாலை நாலரைக்கு அது எழுந்து, முதுகை வளைத்து நெட்டி முறித்து, விளிம்போடு நடந்து ஒரு தொங்கு பாறையில் கன்னத்தைத் தேய்த்தது. அந்த இடத்தை ஸ்பாட்டர்கள் முந்தின நாளே காட்டியிருந்தார்கள். பழைய கீறல் தடங்கள் இருந்ததால், எழுந்தால் அங்கேதான் போகும் என்றார்கள். வெளிச்சத்தையும் சட்டத்தையும் முன்பே அமைத்துவைத்திருந்ததால் நடந்ததெல்லாம் பதிவாயிற்று. காட்டுயிர்ப் படத்தில் உள்ளூர் அறிவின் பங்கு எவ்வளவு என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஸ்பாட்டர், சுமை தூக்குபவர், வீட்டுக்காரர் ஆகியோரின் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி. கால்நடையை இழந்தவர்களே இன்று பனிச்சிறுத்தைக்குக் காவல் நிற்பதில் இந்த வருமானத்துக்குப் பங்குண்டு. 2002இல் இங்கே தொடங்கிய கால்நடைக் காப்பீட்டுத் திட்டத்துக்கும், ஊர் தன் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு ஆடுகளுக்கென்று ஒதுக்கியதற்கும் அதில் பங்குண்டு. மைசூருவைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை இரண்டிலும் ஊரோடு நின்றது.

எட்டாம் நாள்: காசா, இறங்கும் வழி

படங்களை இரண்டு டிரைவ்களில் எழுதி, இரண்டையும் வெவ்வேறு பைகளில் வைத்தாயிற்று. நிழலில் எடுத்த பனி நீலமாக இருக்கும். வெள்ளைச் சமநிலையை முழுக்கத் திருத்திவிட்டால் அந்தக் குளிர் போய்விடும், பாதி நீலத்தை விட்டுவைப்பது நல்லது.

பொறுக்கும்போது அழகான படங்களோடு இன்னொரு வகையையும் எடுத்துவைக்க வேண்டும். உடலின் இடப்பக்கம் முழுதும் தெரிகிற படம், வலப்பக்கம் முழுதும் தெரிகிற படம், நெற்றி, வால். வளையப் புள்ளிகள் ஒவ்வொரு பனிச்சிறுத்தைக்கும் தனித்தனி. இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றுபோல் இராது, அதனால் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது முன்பு பார்த்த விலங்கா என்று பல நேரம் சொல்ல முடியாது. 2019 முதல் 2023 வரை நடந்த இந்தியாவின் முதல் பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்பில், 1,971 இடங்களில் வைத்த தானியங்கி கேமராக்களில் தனித்து அடையாளம் காணப்பட்டவை 241. அதிலிருந்து நாடு முழுமைக்கும் 718 என்று மதிப்பிட்டார்கள். லடாக்கில் 477, உத்தராகண்டில் 124, இமாச்சலில் 51.

இந்தப் பக்கவாட்டுப் படங்களைத் தேதி, நேரம், இடக்குறியோடு ஆய்வாளர்களுக்கும் வனத்துறைக்கும் தனியே அனுப்பலாம். பொதுவில் போடும் படங்களில் இடக்குறியை நீக்கிவிட வேண்டும். குட்டியோ, குகையோ தெரியும் படம் என்றால் அந்தப் பருவம் முடியும் வரை போடாமல் இருப்பது நல்லது.